கைப்பிடி சுடுகிறது, பிட் சுடவில்லை: பேட்டரி அயர்னுக்கு எந்த எலிமெண்ட்?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் சோலார் தெருவிளக்கு சர்வீஸ் செய்கிறார். கம்பத்தின் மேல் நின்று ஈயம் வைக்க வேண்டியிருக்கிறது, அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. வீட்டில் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிப் பார்த்தார், வெதுவெதுப்புகூட வரவில்லை. அப்புறம் எலிமெண்டைக் கழற்றிவிட்டு, மைக்கா மேல் நிக்ரோம் கம்பி சுற்றி, பழைய லேப்டாப் செல் இரண்டைப் பேரலலாகப் போட்டு, மொபைல் சார்ஜர் ஒயரும் டார்ச் லைட்டின் ஸ்லைடு ஸ்விட்சும் வைத்து ஒன்று செய்தார். மல்டிமீட்டரில் காயில் 0.6 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி கிட்டத்தட்ட 23 வாட் வர வேண்டும். ஆனால் ஈயம் குழைகிறதே தவிர ஓடவில்லை. பிட்டைவிட, அதாவது ஈயத்தைத் தொடுகிற முனையைவிட, கைப்பிடிதான் அதிகமாகச் சுடுகிறது. என்ன தப்பு, எந்தக் கம்பி போடலாம் என்கிறார்.

கைப்பிடி சுடுகிறது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. உங்கள் வாட் காணாமல் போகவில்லை, கைப்பிடிக்குள் செலவாகிறது. எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த முதல் சோதனையை முடித்துவிடலாம்.

வோல்ட்டேஜை அதே வோல்ட்டேஜால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். 230 வோல்ட்டில் 25 வாட் வேண்டுமென்றால் எலிமெண்ட் சுமார் 2,116 ஓம் இருந்தாக வேண்டும். அதே எலிமெண்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது 0.07 வாட்டுக்கும் குறைவு. ஒரு இண்டிகேட்டர் எல்இடி சாப்பிடுகிற அளவு. வோல்ட்டேஜ் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் சூடும் இருபதில் ஒரு பங்காகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறக்குறைய நானூறில் ஒரு பங்காகிவிடும்.

கழற்றிய அந்தப் பழைய எலிமெண்டைத் தூக்கிப் போடவில்லை என்றால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி, மீட்டர் கணக்கில் சுற்றியிருக்கும். 0.05 மி.மீ. நிக்ரோம் என்று வைத்துக்கொண்டால் 2,116 ஓமுக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் வேண்டும். அயர்ன் மேஜையிலிருந்து விழுந்தால் உள்ளே அறுந்து ஓப்பன் ஆகிப்போவதற்கு இந்த நூல் கம்பியும் ஒரு காரணம். குறைந்த வோல்ட்டேஜில் கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் ஆகிவிடும்; தட்டினாலும் தாங்கும். கம்பத்தில் ஏறி இறங்குகிறவருக்கு அது பெரிய லாபம்.

சரி, உங்கள் இரண்டாவது முயற்சிக்கு வருவோம்.

முதலில் மீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும், வராது. சாதாரண மீட்டரில் 0.2, சிலதில் 0.4 ஓம்கூட நிற்கும். அது புரோப் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். 2,116 ஓமை அளக்கும்போது அதைப் பற்றிக் கவலையில்லை. 0.6 ஓமை அளக்கும்போது 0.2 என்பது மூன்றில் ஒரு பங்கு. ஆக உங்கள் காயில் பெரும்பாலும் 0.4 ஓம்தான்.

காயில் 0.4 ஓம் என்றால் இன்னும் அதிக சூடு வர வேண்டுமே என்பீர்கள். இங்கேதான் பங்காளிகள் வருகிறார்கள். சார்ஜர் கேபிளுக்குள் இருக்கிற மெல்லிய ஒயர் மீட்டருக்கு 0.2 ஓமுக்குச் சற்று அதிகம், 30 செ.மீ. போக, 30 செ.மீ. வர என்றால் 0.13 ஓம். டார்ச் ஸ்விட்ச் ஒரு 0.05. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள் எல்லாம் சேர்ந்து 0.09. பழைய செல்களின் உள் ரெசிஸ்டன்ஸ், இரண்டும் பேரலலில், 0.03. இவை நான் போட்ட மதிப்பு. உங்களுடையது கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மொத்தம் 0.3 ஓம். காயிலோடு சேர்த்து 0.7. செல் 3.7 வோல்ட், எனவே கரண்ட் 5.3 ஆம்ப். காயிலில் விழுவது 11 வாட். மீதி 8 வாட்டுக்கு மேல் ஒயரிலும் ஸ்விட்சிலும் ஜாயிண்டிலும் செல்லிலும் விழுகிறது. அவை எல்லாம் எங்கே இருக்கின்றன? கைப்பிடிக்குள்.

அதே 0.3 ஓம் உங்கள் பழைய 230 வோல்ட் அயர்னிலும் இருந்திருக்கும், ஒருவேளை அதைவிட அதிகமாகவே. அங்கே ஓடிய கரண்ட் 0.11 ஆம்ப். அதில் வீணானது ஒரு வாட்டில் ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை. வோல்ட்டேஜைக் குறைத்ததும் அந்தச் சின்னச் சின்ன ஓம்கள் எல்லாம் சொத்தில் பங்கு கேட்டு வந்து நிற்கின்றன. கார்ட்லெஸ் ஹீட்டர் வேலையில் முக்கால்வாசி இந்தப் பங்காளிகளைச் சமாளிப்பதுதான். எலிமெண்ட் தேர்வு மீதி கால்வாசி.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரை நம்புங்கள். அயர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, காயிலின் இரண்டு முனைகளைத் தொடுங்கள். 3.7 வராது, 2.1 வோல்ட் சுமாரில் நிற்கும். காணாமல் போன மீதி எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். ஸ்விட்சின் இரண்டு கால்களுக்கு நடுவே வையுங்கள்: கால் வோல்ட் காட்டினால் ஸ்விட்ச் மட்டும் ஒன்றேகால் வாட்டுக்கு மேல் தின்கிறது. ஒரு ஜாயிண்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்கள். நல்ல ஜாயிண்ட் சில மில்லிவோல்ட்டோடு அடங்கிவிடும். நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அதைப் பிரித்து மறுபடி செய்யுங்கள். இதை ஓம் ரேஞ்சில் தேடினால் ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் சிக்காது. கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் தேடினால் இரண்டே நிமிடம்.

இந்தச் சிக்கல் புதிதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சால்டரிங் கன் என்று பிஸ்டல் வடிவில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கார்ல் வெல்லர் 1946-ல் பேட்டண்ட் வாங்கியது. அதன் செகண்டரி, அதாவது கரண்ட் வெளியே வருகிற பக்கத்துச் சுருள், ஒரே ஒரு தடித்த சுற்று. வெளியே வருவது ஒரு வோல்ட்டுக்கும் கீழே, ஆனால் கரண்ட் நூறு ஆம்ப்பைத் தாண்டும். முனையில் இருக்கும் செம்புக் கம்பி வளையம்தான் எலிமெண்ட், அதுவே பிட்டும். அதைப் பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள்: கொஞ்ச நாளில் சூடு குறையும், வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் ஸ்பேனரால் ஒரு கால் சுற்று இறுக்கினால் மறுபடி பழைய சூடு வந்துவிடும். அங்கேயும் பங்காளி நட்டுக்குள்தான் ஒளிந்திருந்தான்.

இனி என்ன செய்வது? ஒற்றைச் செல்லை விட்டுவிடுங்கள். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கிற உருளை வடிவ லித்தியம் செல், அதாவது 18650, மூன்றை சீரிஸில் போடுங்கள். அல்லது 12 வோல்ட் ட்ரில் மெஷினின் பேட்டரி பேக் இருந்தால் அதுவே போதும், உள்ளே இதே மூன்று செல்தான். நடுவாந்தரமாக 11.1 வோல்ட். 25 வாட்டுக்கு 5 ஓம் காயில் போதும். கரண்ட் இரண்டேகால் ஆம்ப்தான். இப்போது வழியில் 0.1 ஓம் இருந்தாலும் இழப்பது அரை வாட்டுக்குள். அதே 0.1 ஓம் ஒற்றைச் செல் அயர்னில் இருந்தால் 25 வாட்டை 18-க்கு இறக்கிவிடும். வோல்ட்டேஜை மூன்று மடங்காக்கியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

கம்பிக்கு வருவோம். நிக்ரோம் என்பது நிக்கல் 80, குரோமியம் 20 கலந்த உலோகம். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் பேட்டண்ட் எடுத்தார். சூடேறியதும் மேலே குரோமியம் ஆக்சைடு தோல் ஒன்று பிடித்துக்கொள்ளும். அதுதான் கம்பியை மேற்கொண்டு அரிக்காமல் காக்கிறது. கடையில் கேஜ் நம்பர் (எஸ்டபிள்யூஜி) சொல்லித்தான் கேட்க வேண்டும்; நம்பர் கூடக் கூடக் கம்பி மெல்லியது. 30 கேஜ் மீட்டருக்கு 14 ஓம் வரும், 28 கேஜ் சுமார் 10 ஓம், 26 கேஜ் ஆறரைக்குச் சற்று மேல். 5 ஓமுக்கு முறையே 36 செ.மீ., 51 செ.மீ., 75 செ.மீ. சென்னை ரிட்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு மீட்டர் வாங்கினால் எந்தக் கேஜானாலும் ஒரு அயர்னுக்குப் போதும்.

மூன்றும் 5 ஓம்தான், மூன்றும் 25 வாட்தான். அப்படியானால் எதை வாங்குவது? இடம் இருக்கிற வரை தடித்ததை வாங்குங்கள். 36 செ.மீ. மெல்லிய கம்பியின் மேல்பரப்பு மூன்றரை சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீட்டரும் 7 வாட்டை வெளியேற்றியாக வேண்டும். 26 கேஜில் மேல்பரப்பு கிட்டத்தட்ட 11 சதுர செ.மீ.; தலைக்கு இரண்டேகால் வாட்தான். மைக்காவுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடக்கும் கம்பிக்கு இந்த வித்தியாசம் ஆயுள் வித்தியாசம். பிட்டின் பின்பாகம் சின்னதாக இருந்து 75 செ.மீ. அடங்கவில்லை என்றால் 28 கேஜ். 30 கேஜை அயர்னுக்கு நான் போடமாட்டேன்.

கந்தால் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியும் கிடைக்கும். நிக்ரோமைவிட அதிக வெப்பம் தாங்கும். ஆனால் ஒரு முறை நன்றாகப் பழுத்தபின் முறுமுறுவென்று ஆகிவிடும், வளைத்தால் ஒடியும். அடிக்கடி கழற்றி மாட்டுகிற கைக்கருவியில் எனக்கு அது பிடிக்காது.

காயிலின் முனையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். நிக்ரோமில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஆசிட் ஃபிளக்ஸ் போட்டு ஒட்டவைத்தாலும், 183 டிகிரியில் உருகுகிற ஈயத்தை வைத்து 350 டிகிரி காயிலை இணைப்பதில் அர்த்தமில்லை. செம்பு ஒயரோடு முறுக்கிவிட்டாலும் ஒரு வாரம்தான். செம்பு கருத்து, ஜாயிண்ட் லூஸாகி, மறுபடி பங்காளி. நான் செய்வது இது. சுற்றுக்குத் தேவையான நீளத்தைவிட இரண்டு பக்கமும் 12 செ.மீ. கூடுதலாக விட்டு, அந்தக் கூடுதலைக் காயிலின் விளிம்பு வரை மடித்து, இரட்டையாக முறுக்கிவிடுவேன். 6 செ.மீ. வால் கிடைக்கும். கரண்ட் இரண்டு இழையில் பிரிந்து ஓடுவதால் ஒவ்வொரு இழையிலும் கால் பங்கு சூடுதான். வால் ஓரளவு ஆறியிருக்கும். அந்த வாலுக்குக் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டு, கைப்பிடியின் தொடக்கம் வரை கொண்டுவந்து, பீங்கான் கனெக்டருக்குள் இருக்குமே பித்தளைக் குழாய், இரண்டு ஸ்குரூ வைத்தது, அதில் செருகி இறுக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து சிலிகான் உறை போட்ட செம்பு ஒயர். சாதாரண பிவிசி ஒயர் வேண்டாம். அதன் உறை 70 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று சொல்ல முடியாது, சிலிகான் 180 வரை அசையாது. முதல் இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவைத்த பிறகு ஸ்குரூவை மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். அந்த வெல்லர் நட்டு கதைதான்.

ஸ்விட்ச் 5 ஆம்ப் டிசி தாங்குகிற ஒன்று. வழியில் ஒரு 5 ஆம்ப் ஃபியூஸ். செல்லுக்கு பிஎம்எஸ் போர்டு, அதாவது செல்லைப் பாதுகாக்கிற சர்க்யூட், கட்டாயம். செல்களைக் கைப்பிடிக்குள் எலிமெண்ட் பக்கம் திணிக்காதீர்கள். லித்தியம் செல் 60 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இடுப்பில் பேக், கையில் அயர்ன், நடுவில் ஒரு மீட்டர் ஒயர் என்பதே கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு வசதி. கையிலும் எடை குறையும். ஒயர் ஒரு சதுர மி.மீ. இருந்தால் போக வர சேர்த்து 0.04 ஓம்கூட ஆகாது.

இதில் தீராத குறை ஒன்று உண்டு. முழு சார்ஜில் மூன்று செல் 12.6 வோல்ட், தீரும் நேரத்தில் 9 வோல்ட். 5 ஓம் காயிலில் தொடக்கத்தில் 32 வாட், முடிவில் 16 வாட். காலையில் பிட் கருகும், சாயங்காலம் ஈயம் இழுக்கும். இதைச் சரிக்கட்ட, பேட்டரி இறங்கியிருக்கும்போதும் போதுமான வாட் வருகிற மாதிரி காயிலை 3.7 ஓமில் சுற்றி, நிறைந்திருக்கும்போது மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்து அணைத்து அணைத்து எரிய விட வேண்டும். கைக்குக் கிடைத்தது என்று ஐஆர்எஃப்540 என்ற மாஸ்ஃபெட்டைப் போடாதீர்கள். அதைத் திறக்கிற கேட் காலுக்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் அது முழுசாகத் திறக்காது, அரைகுறையாகத் திறந்து அதுவே ஹீட்டர் ஆகிவிடும். ஐஆர்எல் என்று தொடங்கும் லாஜிக் லெவல் வகை வேண்டும். இன்னொன்று, மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது ஹீட்டர் அணையவே அணையாது. என் மேஜையில் ஒரு முறை அப்படி ஆகி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் கைப்பிடி உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எலிமெண்ட் லைனில், சூடு அதிகமானால் அறுந்துவிடுகிற தெர்மல் ஃபியூஸ் வைக்காமல் எதையும் மூடுவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, இதெல்லாம் நமக்கு வேண்டாம், வேலைதான் முக்கியம் என்று தோன்றினால் தப்பே இல்லை. உண்மையைச் சொன்னால், ஈயம் வைக்க மட்டும் என்றால் நான் காயில் சுற்றவே சொல்லமாட்டேன். டி12 வகை பிட் வாங்குங்கள். எலிமெண்டும் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளும் பிட்டின் முனைக்கு ஒட்டி உள்ளேயே அடைத்து வருகிறது. எலிமெண்ட் சுமார் 8 ஓம். 12 வோல்ட்டில் 18 வாட், 24 வோல்ட்டில் 72 வாட். டிஎஸ்100, பைன்சில் போன்ற பேனா அளவு அயர்ன்களில் இருப்பதும் இதே மாதிரி எலிமெண்ட்தான். 18 வோல்ட் ட்ரில் பேட்டரி உங்களிடம் இருந்தால் 40 வாட் கிடைக்கும், அது தாராளம். 5 கிராம் செம்பை 30 டிகிரியிலிருந்து 350-க்குக் கொண்டுபோக 600 ஜூல் சொச்சம் வேண்டும். 18 வாட்டில் அரை நிமிடத்துக்கு மேல், 40 வாட்டில் 15 நொடி. கம்பத்தின் மேல் அந்த 15 நொடிக்கும் அரை நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

936 வகை மேஜை சால்டரிங் ஸ்டேஷனில் வரும் வெள்ளை செராமிக் குச்சி எலிமெண்டும் பரவாயில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது டங்ஸ்டன் தடம். ஆறியிருக்கும்போது 3 ஓம் சுமார், சூடேறினால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். 24 வோல்ட் பேட்டரியில் சுவிட்ச் போட்ட கணத்தில் 8 ஆம்ப் இழுக்கும், சில பிஎம்எஸ் அதற்கே ட்ரிப் ஆகிவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து செல்லை மாற்றாதீர்கள். நிக்ரோமில் இந்தப் பிரச்சினை கிடையாது, அது சூடேறினாலும் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் மாறும்.

நிக்ரோமைக் கையால் சுற்ற ஆசை என்றால் தெர்மாகோல் கட்டரில் தொடங்குங்கள். கல்யாண மேடையில் பெயர் எழுத்து வெட்டுகிறார்களே, அந்த வில் கருவி. 20 செ.மீ. 30 கேஜ் கம்பி, 2.8 ஓம், ஒரே செல்லில் 1.3 ஆம்ப், 5 வாட். ஒரு 2,500 மில்லி ஆம்ப் அவர் செல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓட்டும். கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தால் வெட்டு அகலமாகும், புகை மூக்கைக் குத்தும். சூடேறும்போது கம்பி முக்கால் மில்லிமீட்டர் நீளும், அதனால் ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங் வையுங்கள், இல்லையென்றால் தொய்ந்து வெட்டு வளையும். க்ளூ கன்னுக்கு மட்டும் நிக்ரோம் வேண்டாம், 12 வோல்ட் பிடிசி செராமிக் வில்லை போடுங்கள். பேரியம் டைட்டனேட்டில் செய்தது; குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் ரெசிஸ்டன்ஸ் தானாகவே எகிறி, கரண்டை அடக்கிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டே தேவையில்லை.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், இதே பேட்டரியில் ஹாட் ஏர் கன், டீ போட ஒரு காயில் எல்லாம் செய்யலாமா என்று. மூன்று செல்லில் இருப்பது மொத்தம் 27 வாட் அவர். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 81 வேண்டும். ஒரு டம்ளர் டீக்கு பேக்கில் பாதிக்கு மேல் போய்விடும். ஒப்பிட்டுச் சொன்னால், 10 கிராம் லைட்டர் கேஸில் 120 வாட் அவருக்கு மேல் சூடு இருக்கிறது. அயர்லாந்துக்காரர்களின் போர்ட்டாசோல் மாதிரி கேஸ் அயர்ன்கள் இன்னும் விற்பது அதனால்தான். காற்று வீசும் கம்பத்தின் மேல் அது எவ்வளவு வசதி என்பது வேறு விஷயம்.

இப்போதைக்கு இருப்பதைப் பிரிக்க வேண்டாம். அந்த டார்ச் ஸ்விட்சின் இரண்டு காலையும் ஒரு தடித்த செம்பு ஒயரால் ஒரு நிமிடம் ஷார்ட் செய்து, சார்ஜர் ஒயருக்குப் பதில் தடித்த ஒயர் போட்டு, காயில் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பாருங்கள். மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் காயில் 20 வாட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், ஈயம் ஓடும். அப்போதும் இரண்டேகாலைத் தாண்டவில்லை என்றால் செல் இரண்டும் சோர்ந்துவிட்டன. லோடில் செல்லின் முனையில் வருகிற வோல்ட்டை அளந்து எழுதுங்கள்.